வரவு இடாப்பை ஒரே இரவில் எழுத முடியாது

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு, இஷாத் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இங்கிலாந்திலிருந்து மச்சானின் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. ஸலாம் சொன்னார்; சுகம் விசாரிக்கவில்லை. "மச்சான், உங்கட கையெழுத்து நல்லம்தானே. எட்டு மாசத்துக்கு ஒரு வரவு இடாப்பு எழுதித் தரேலுமா? மூணு பேர்தான். ரெண்டு மூணு பேனை மாத்தி எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பினாக் காணும்" என்றார்.

மச்சான் அங்கே ஒரு சிறு நகரத்தில் ரெஸ்டூரன்ட் நடத்துகிறார். வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதற்காக அந்நாட்டு உள்துறை அமைச்சு (ஹோம் ஒபிஸ்) வழங்கும் ஸ்பொன்சர் லைசன்ஸ் அவரிடம் இருக்கிறது. அந்த லைசன்ஸின் கீழ் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். இருவர் சமையற்காரர், ஒருவர் முகாமையாளர். மூவரும் நமது பக்கத்துப் பிள்ளைகள். அடுத்த வாரம் அதிகாரிகள் பரிசோதனைக்கு வருவதாக அன்றுதான் அவருக்கு ஈமெயில் வந்திருந்தது. அப்போதுதான் மூவருக்கும் வரவு இடாப்பே இல்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

நான் மறிச்சுக்கட்டியில் வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியன். பிரித்தானியக் குடிவரவுச் சட்டம் எனது பாடமல்ல. ஆனால் அந்த ஒரு வாரமும் மச்சானோடு தொலைபேசியில் இருந்து, அமைச்சு இணையத்தில் போட்டிருக்கும் ஸ்பொன்சர் வழிகாட்டியை இருவருமாக வாசித்தோம். நமது ஆட்கள் பலர் அங்கே கடை, ரெஸ்டூரன்ட், பராமரிப்பு நிலையம் என்று நடத்துகிறார்கள். அதைவிடப் பலர் அவர்களிடம் வேலைக்குப் போயிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் விளங்கும்படி இதை நமது பாஷையில் யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் சொலிசிட்டரிடம் அல்லது அந்நாட்டின் குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிவு செய்தவரிடம்தான் போக வேண்டும். 'எல்லாம் நான் பார்த்துத் தாறேன்' என்று சொல்லும் தெரிந்த நாநாவிடம் போகக் கூடாது.

நமக்கு 'ஸ்பொன்சர்' என்றவுடன் நினைவுக்கு வருவது சவூதியின் கபீல்தான். இகாமா கபீலின் கையில், பாஸ்போர்ட் கபீலின் அலுமாரியில், முறைத்துக்கொண்டு வெளியே போனால் ஹுரூப். எங்கள் உம்மாமாரும் ராத்தாமாரும் வாழ்ந்து பார்த்த முறை அது. அங்கே கபீல் தொழிலாளியைப் பார்த்துக்கொள்ள, அரசு பெரும்பாலும் ஒதுங்கி நின்றது. பிரித்தானியாவில் அரசு கண்காணிப்பது தொழில் வழங்குநரை. 2008 இல் புள்ளி முறையோடு கொண்டுவந்த ஏற்பாடு இது. எல்லையில் அதிகாரி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் தொழில் வழங்குநரின் தலையில் கட்டிவிட்டு, அவர் அதைச் செய்கிறாரா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அந்த வருகைக்குப் பெயர்தான் கம்ப்ளயன்ஸ் விசிட். லைசன்ஸ் கொடுக்க முன்னும் வரலாம், கொடுத்த பின்னும் வரலாம். சொல்லிவிட்டும் வரலாம், சொல்லாமலும் வரலாம். சொல்லாமல் வந்தால் 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்புவது லைசன்ஸையே ஆபத்தில் போடும்.

அண்மைக் காலத்தில் இந்தப் பிடி நன்றாக இறுகியிருக்கிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையான ஒரு வருடத்தில் 1,948 லைசன்ஸ்கள் ரத்துச் செய்யப்பட்டதாக அந்த அமைச்சு 2025 செப்டெம்பரில் அறிவித்தது. அதற்கு முந்திய வருடம் 937. 2025 ஜூலை 22 முதல் புதிதாக ஆள் எடுப்பதற்கான தகைமை மட்டம் பொதுவாகப் பட்டதாரி நிலைக்கு உயர்ந்தது. சாதாரண சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுணாகியது. பராமரிப்பு ஊழியரை வெளிநாட்டிலிருந்து எடுப்பது அன்றோடு நின்றது. ஆகவே இப்போது ஒரு சிறு ரெஸ்டூரன்ட்காரர் லைசன்ஸை இழந்தால், பிறகு அதே ஆட்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை எடுத்துச் சமாளிக்கலாம் என்ற கதை இல்லை.

மச்சான் கேட்ட இடாப்புக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆசிரியர் கலாசாலையை முடித்து நான் முதலில் போன பாடசாலையில், வலயத்திலிருந்து அதிகாரிகள் வருவதாகக் கேள்விப்பட்டு மூன்று கிழமைப் பாடக்குறிப்பை ஒரே இரவில் எழுதியவன் நான். குப்பி விளக்கு வெளிச்சத்தில், நோக்கம், செயற்பாடு, கணிப்பீடு என்று எல்லாம் அழகாக எழுதியிருந்தேன். மறுநாள் வந்தவர் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முன்வாங்கில் இருந்த பிள்ளையிடம் "நேற்று சேர் என்ன படிப்பித்தார்?" என்று கேட்டார். பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது.

கம்ப்ளயன்ஸ் விசிட்டிலும் இதுதான் நடக்கும். வருகிறவர்கள் முதலாளியோடு பேசுவார்கள், கோப்பைப் பார்ப்பார்கள். பிறகு வேலையாட்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்பார்கள். உங்களுக்கு மேலே யார்? இந்த வாரம் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள்? போன செவ்வாய் எந்தக் கடையில் நின்றீர்கள்? சம்பளம் வங்கிக்கு வருகிறதா, கையில் தருகிறார்களா? இந்த வேலையைப் பெற யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? மூன்று வாயிலிருந்து வரும் பதிலும், சம்பளச் சிட்டையும், வரித் திணைக்களத்துக்கு மாதா மாதம் போன கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நான் பேனை மாற்றி மாற்றி எழுதும் இடாப்பு இவற்றில் எதனோடும் பொருந்தாது. பொய்யான ஆவணம் காட்டியது பிடிபட்டால், இடாப்பு இல்லாத சிறு குற்றம் லைசன்ஸை நேரே ரத்துச் செய்யும் பெருங்குற்றமாகிவிடும்.

இதை மச்சானுக்குச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "சொந்த ஆள் என்டு கேட்டன். பயான் கேக்க எடுக்கேல்ல" என்று அழைப்பைத் துண்டித்தார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தானாகவே எடுத்து, "சரி, அப்ப என்ன செய்யலாம் சொல்லுங்க" என்றார்.

என்னிடம் அப்போது பதில் இல்லை. இருந்தவன் என் பழைய மாணவன் ஒருவன். அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன்.

அவன் கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தின் பாரம் விளங்காது. சாதாரண தரம் வரை என்னிடம் படித்தவன். வாப்பா படகையும் இன்ஜினையும் விற்று, உம்மாவின் நகையை அடகு வைத்து, கெயார் வேலைக்கென்று இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஒரு கொம்பனி அவனுக்கு அனுசரணைச் சான்றிதழ் கொடுத்தது. அங்குள்ளவர்கள் சீஓஎஸ் என்பார்கள். அதில் வாரத்துக்கு 39 மணித்தியாலம் என்று இருந்தது. போய் இறங்கிய பிறகு கிடைத்தது சில வாரம் 12 மணித்தியாலம், சில வாரம் அதுவும் இல்லை. சம்பளம் சான்றிதழில் உள்ளதில் பாதிகூட வரவில்லை. ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். சில மாதத்தில் கொம்பனியின் லைசன்ஸ் ரத்தானது. பிறகு அவனுக்கும் கடிதம் வந்தது. 60 நாளுக்குள் வேறு ஸ்பொன்சரைத் தேடிப் புதிதாக வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

விதி அதுதான். லைசன்ஸ் ரத்தானால், அந்தத் தவறில் பங்கில்லாத தொழிலாளிக்கும் வீசா வழமையாக 60 நாளாகக் குறைக்கப்படும். வீசாவில் அதைவிடக் குறைவான நாளே மிச்சம் இருந்தால் அந்த மிச்சம் மட்டும்தான். அவன் ஒருவன் மட்டுமல்ல. 2022 ஜூலைக்கும் 2024 டிசெம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கு மேற்பட்ட நிறுவனங்களின் லைசன்ஸ் பறிபோனது. அந்த நிறுவனங்களோடு தொடர்புபட்ட தொழிலாளர் 39,000க்கும் மேல். இப்படி வேலை இழந்தவர்களை வேறு நிறுவனங்களோடு இணைத்துவிட இங்கிலாந்தில் பிராந்திய ரீதியான ஏற்பாடு இருக்கிறது. 2025 ஏப்ரல் 9 முதல் பராமரிப்புக் கொம்பனிகள் முதலில் இவர்களிலிருந்துதான் ஆள் எடுக்க முயல வேண்டும் என்றும் விதி செய்தார்கள். என் மாணவனுக்கு அது உதவவில்லை. 57ஆவது நாள் அவன் கட்டுநாயக்கவில் இறங்கினான். இப்போது மற்றவர்களின் படகில் கடலுக்குப் போகிறான்.

இந்த முறையைப் பற்றி எனது அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டனை கொம்பனிக்கு என்று எழுதியிருக்கிறது, நடைமுறையில் அதைக் கட்டி முடிப்பவன் தொழிலாளி. கொம்பனிக்காரர் ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். 60 நாளில் வேலை தேடுவது அந்நாட்டில் பிறந்தவனுக்கே கஷ்டம். உள்ளதைச் சொன்னவன் வீட்டுக்கு அனுப்பப்படும் ஏற்பாட்டை நீதி என்று என்னால் எழுத முடியவில்லை. ஆனால் அதை மாற்றும் அதிகாரம் நமது கையில் இல்லை. நமது கையில் இருப்பது கோப்பு மட்டும்தான்.

திண்ணையில் இருந்தபடி அவன் மச்சானோடு பேசினான். முதல் கேள்வியே கொக்கிபோல் விழுந்தது. "நாநா, உங்கட கடையில குக் என்டு எடுத்த ரெண்டு பேரும் உண்மையாவே சமைக்கிறாங்களா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒருத்தன் பின்னேரத்தில கேஷ்ல நிப்பான். ஆள் இல்லத்தானே" என்றார் மச்சான்.

நமது கடைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் விஷயம் இது. ஆள் வராவிட்டால் யார் கேஷில் நின்றால் என்ன? ஆனால் சான்றிதழில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. செய்கிற வேலை அந்த எண்ணுக்கும் அதில் எழுதிக்கொடுத்த வேலை விபரத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அதுவும் லைசன்ஸை ரத்துச் செய்யும் காரணங்களில் ஒன்று. ஒரு நாள் நெருக்கடிக்கு உதவி செய்வது வேறு, தினமும் பின்னேரம் முழுக்கக் கேஷில் நிற்பது வேறு. இதைக் காகிதத்தில் சரிசெய்ய வழியில்லை, ஆளை மறுபடி அடுப்படிக்கு அனுப்புவதுதான் வழி. மச்சான் கேஷுக்கு அந்த ஊரிலேயே படிக்கும் ஒரு பிள்ளையைப் பகுதிநேரமாக எடுத்தார்.

அடுத்தது சம்பளம். சான்றிதழில் எழுதிய தொகை வங்கிக் கூற்றில் வந்திருக்க வேண்டும். நோன்பு காலத்தில் நமது ரெஸ்டூரன்ட்கள் பகலில் மூடியிருக்கும். 'இந்த மாசம் பாதி நேரம்தானே, பாதிச் சம்பளம்' என்று முதலாளியும் தொழிலாளியும் முகம் பார்த்துப் பேசி முடித்துவிடுவார்கள். ஹலால்தான், இருவருக்கும் பொருத்தம்தான். உள்துறை அமைச்சின் கணக்கில் அது சம்பளக் குறைப்பு. 10 வேலை நாளுக்குள் அறிவித்திருக்க வேண்டும். எல்லைக்குக் கீழே போனால் ஸ்பொன்சர் செய்வதையே நிறுத்தும்படி வரும். ஊருக்கு வந்து நிற்பதும் இப்படித்தான். சம்பளமில்லாத லீவு ஒரு காலண்டர் வருடத்தில் மொத்தம் நான்கு வாரத்தைத் தாண்டினால், பிரசவம், நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் தவிர, அனுசரணையைத் தொடர முடியாது. வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்து கத்தம் முடியும் வரை நின்றவனின் கோப்பில் அதற்கான கடிதமும் மரணச் சான்றிதழும் இருக்க வேண்டும். மிகப் பாரமான காரணங்களுக்கு விலக்களிக்க இடமுண்டு. ஆனால் அந்தக் காரணம் எழுத்தில் இருந்தால்தான் காட்ட முடியும்.

பணம் வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும், கசந்தாலும். ஆள் எடுக்கும் முதலாளி அரசுக்குக் கட்டும் குடிவரவுத் திறன் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடவே கூடாது. 2024 டிசெம்பர் 31 முதல் கொடுத்த சீஓஎஸ்ஸுக்கான கட்டணத்தையும் லைசன்ஸ் செலவையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. சீஓஎஸ் ஒன்றுக்கு 2025 ஏப்ரலில் இருந்து அரசு எடுப்பது 525 பவுண். நமது ஊர்களில் அதே காகிதம் என்ன விலைக்குப் போனது என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் எழுதத் தேவையில்லை.

மச்சானின் கோப்பில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முகாமையாளரை ஆறு மாதத்துக்கு முன் பக்கத்து நகரத்தில் திறந்த இரண்டாவது கடைக்கு மாற்றியிருந்தார். இன்னொரு பிள்ளை வாடகை வீடு மாறியிருந்தான், புதிய விலாசம் யாரிடமும் இல்லை. வேலை செய்யும் இடம் மாறினால் 10 வேலை நாளுக்குள் அமைச்சின் ஒன்லைன் பதிவில் அறிவிக்க வேண்டும். வேலையிலிருந்து விலகினாலும், நிறுத்தினாலும், அனுமதியில்லாமல் தொடர்ந்து 10 வேலை நாள் வராவிட்டாலும் அப்படித்தான். கடையின் உரிமை கைமாறினால், கொம்பனியின் விலாசம் மாறினால் 20 வேலை நாள். ஆள் வராததை அறிவிப்பது ஹுரூப் போடுவதுபோல் என்று சிலர் நினைத்து, 'பாவம் பிள்ளை' என்று அறிவிக்காமல் விடுகிறார்கள். அது பழிவாங்கும் ஆயுதமல்ல, விதியில் எழுதப்பட்ட கடமை. ஒருவருக்காக மறைத்தால் மற்ற இருவரின் வீசாவும் சேர்ந்து ஆடும்.

சரி, பதிவில் ஏறி அறிவிப்போம் என்றால் மச்சானிடம் பாஸ்வேர்டே இல்லை. லைசன்ஸ் எடுத்துக் கொடுத்த ஆலோசகரின் அலுவலகத்தில் யாரோ ஒருவர்தான் அதைத் திறப்பவர். லைசன்ஸில் ஒத்தரைசிங் ஒபிஸர் என்று மச்சானின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்பது அவருக்கே அந்த வாரம்தான் தெரியும். பதிவைத் திறக்கும் லெவல் வன் யூசர்களில் ஒருவராவது வியாபாரத்துக்குள் இருப்பவராக இருக்க வேண்டும். வெளியாளிடம் மட்டும் விட்டுவைத்தால், அவர் லீவில் போகும் நாளில்தான் அதிகாரி வருவார்.

இரண்டு மாற்றங்களையும் அந்த வாரமே பதிந்தார்கள். பிந்திப் பதிகிறோம், காரணம் எங்கள் கவனயீனம் என்று மூன்று வரியில் விளக்கமும் போட்டார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் பதிந்தது பரிசோதகருக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தால் தெரியட்டும். பிந்திச் சொன்னவனும் சொல்லாதவனும் ஒன்றல்ல.

வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்த பதிவு மட்டும் மூவருக்கும் சரியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். முன்பு கையில் இருந்த பிஆர்பி அட்டைகள் 2024 கடைசியோடு காலாவதியாகின. இப்போது எல்லாம் ஈ-வீசா. தொழிலாளி ஒரு ஷெயார் கோட் தருவார், முதலாளி அதை அரசின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்து, திகதியோடு பிரதி எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். உரிமையில்லாத ஒருவர் கடையில் நின்றால் அது லைசன்ஸோடு நிற்காது. 2024 பெப்ரவரியில் இருந்து அபராதம் முதல் தடவை ஆளுக்கு 45,000 பவுண் வரை, மறுபடி பிடிபட்டால் 60,000 வரை.

இனி அந்த இடாப்பு. எட்டு மாதத்துக்குப் பொய்யாக எழுத முடியாது, ஆனால் எட்டு மாதத்தில் உண்மையாகவே எழுதப்பட்டவை எங்கெங்கோ கிடந்தன. ஒவ்வொரு ஞாயிறும் மச்சான் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வேலை அட்டவணை, 'நாளைக்கு ஏலாது நாநா, காய்ச்சல்' என்று பிள்ளைகள் அனுப்பிய செய்தி, கணக்காளரிடம் இருந்த சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று. மாணவனும் நானும் திண்ணையில் இருந்து சொல்லச் சொல்ல, மச்சானின் மகள் அங்கே எல்லாவற்றையும் மாத வாரியாகப் பிரதி எடுத்து அடுக்கினாள். முன்பக்கத்தில் ஒரு தாள்: இது வரவு இடாப்பு அல்ல, இன்ன திகதியில் இன்னின்ன மூலங்களிலிருந்து தொகுத்தது, முறையான இடாப்பு இன்ன திகதியிலிருந்து தொடங்கியது. அன்றிலிருந்து வருகிற நேரம், போகிற நேரம், கையொப்பம். இரண்டு கடைக்கும் இரண்டு கொப்பி.

ஆலிம் ஒருவர் பயானில் அடிக்கடி சொல்வார், குர்ஆனில் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்று. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். வணிகக் கல்வி ஆசிரியனாக அதை வகுப்பில் நானும் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் நமது கடைகளில் நம்பிக்கைதான் கணக்குப் புத்தகம். 'நம்மட ஆள்தானே' என்ற ஒரு சொல்லில் ஒப்பந்தம், லீவு, சம்பள உயர்வு எல்லாம் முடிந்துவிடும்.

காகிதத்தோடு எங்கள் ஊருக்கு உள்ள உறவு வேறு மாதிரி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயதும் இல்லை. புத்தளத்தில் அகதி முகாம் பாடசாலையில் படித்தேன். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது ஒவ்வொரு கந்தோரிலும் ஒரே கேள்விதான்: இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி? வாப்பா ஒரு தகரப் பெட்டியில் காணி அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். அயல்வீட்டுக்காரரிடம் அப்படி எதுவும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் எங்களது என்று யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றார்கள். அந்தப் பக்கத்து மனிதர், தலைமுறையாக அதே மண்ணில் இருந்தவர், வருடக் கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்தார். உண்மை இருந்தும் தாள் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, மச்சான் கேட்டபோது ஒரு நிமிஷம் எனக்கும் 'எழுதிக் கொடுத்தால் என்ன' என்று தோன்றியது. அதையும் மறைக்கவில்லை.

போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. லைசன்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசு இணையத்தில் பகிரங்கமாகப் போடுகிறது. பெயர், ஊர், ஏ தரமா பி தரமா என்று எல்லாம் இருக்கும். பணம் கொடுக்க முன், டிக்கெட் போட முன், அதில் பெயரைத் தேடுங்கள். இங்கே ஆள் அனுப்பும் ஏஜன்சிக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விசாரிக்கலாம். போன பின் உங்கள் ஒப்பந்தம், சீஓஎஸ் விபரம், ஒவ்வொரு சம்பளச் சிட்டை, ஒவ்வொரு வார வேலை அட்டவணை எல்லாவற்றையும் உங்கள் தொலைபேசியிலும் ஈமெயிலிலும் பிரதி எடுத்து வையுங்கள். அதிகாரி கேட்டால் முதலாளி சொல்லித் தந்ததைச் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். தவறில் நீங்களும் பங்காளி என்று கண்டால் அந்த 60 நாள்கூடக் கிடைக்காது.

மச்சானின் கடைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவரோடு ஒன்றரை மணித்தியாலம், பிள்ளைகளோடு தனித்தனியாக அரை மணித்தியாலம் அளவில் பேசினார்கள். அடுப்படிக்குள் போய் யார் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். முன்பக்கத் தாளை ஒருவர் இரண்டு தரம் வாசித்தாராம். எதுவும் சொல்லவில்லை.

சில வாரத்துக்குப் பிறகு முடிவு வந்தது. ஏ தரம் பி தரமாக இறங்கியது. குறைகளைத் திருத்தும் செயற்திட்டம், அதற்குக் கட்டணம் 1,579 பவுண், 10 வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். திரும்ப ஏ தரத்துக்கு ஏறும் வரை புதிதாக ஆள் எடுக்க முடியாது, இருக்கிறவர்களின் வீசாவை மட்டும் நீடிக்கலாம். மச்சான் அந்தப் பணத்துக்காகப் புலம்பினார். மூன்று பிள்ளைகளின் வீசாவிலும் கை வைக்கவில்லை. அதை அவர் சொல்ல மறந்துவிட்டார், நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மாணவனுக்கு அந்தச் செய்தியைச் சொன்னபோது அவன் வலையில் இருந்த பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எங்கட கொம்பனிக்காரரும் யாரிட்டயாச்சும் கேட்டிருக்கலாம் சேர்" என்றான். தலை நிமிரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மச்சான் மறுபடி எடுத்தார். இம்முறை சுகமெல்லாம் விசாரித்தார். ஒரு பிள்ளை தவறுதலாக அடுத்த நாளின் கட்டத்தில் கையொப்பம் வைத்துவிட்டானாம். "வைட்னர் போடேல்ல மச்சான். நீங்க சொன்ன மாதிரி ஒரு கோடு கீறி, பக்கத்தில ரெண்டு பேரும் சைன் வச்சு, திகதியும் போட்டிருக்கு. சரிதானே?" என்று கேட்டார்.

சரி என்றேன்.